சின்ன அலுவலகத்துக்கு எந்த நெட்வொர்க் ஸ்விட்ச் (கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் பெட்டி)? கேள்வி பதில்

கே: கம்ப்யூட்டர் விற்கிற டெல் எதற்கு ஸ்விட்ச் விற்க வந்தது?

ப: நல்ல கேள்வி. 2001-ல் பவர்கனெக்ட் என்ற பெயரில் வந்தார்கள். அதுவரை நெட்வொர்க் கம்பெனியான சிஸ்கோவின் பெட்டிகளை வாங்கி விற்றவர்கள். ஸ்விட்சுக்குள் இருக்கும் சிப்பை பிராட்காம், மார்வெல் போன்ற கம்பெனிகள் யார் கேட்டாலும் விற்க ஆரம்பித்ததும், சொந்தமாகச் சிப் வடிவமைக்க வேண்டிய அவசியமே போய்விட்டது. வேறொருவர் செய்து தரும் பெட்டியை, சர்வர் வாங்கும் அதே வாடிக்கையாளருக்குக் குறைந்த லாபத்தில் நேரடியாக விற்கலாம். பி.சி.யில் செய்த அதே வியாபாரம்தான். சிஸ்கோவும் சும்மா இருக்கவில்லை. டெல்லுடனான விற்பனை ஒப்பந்தத்தை முறித்தது, 2003-ல் வீட்டுக்கும் சின்ன அலுவலகத்துக்கும் மலிவு நெட்வொர்க் பெட்டி விற்ற லிங்ஸிஸை வாங்கியது, 2009-ல் சர்வரே விற்க இறங்கியது.

கே: 12 கம்ப்யூட்டர், 4 கேமரா. எது வாங்கலாம் சார்?

ப: 24 போர்ட் (கேபிள் சொருகும் துளை), கிகாபிட் வேகம், கேமராவுக்காக பி.ஓ.இ. (அதே கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் வசதி) உள்ளது. ஒரு போர்ட்டுக்கு எத்தனை வாட் என்பதோடு நிற்காமல், மொத்தம் எத்தனை வாட் தரும் என்றும் பாருங்கள். கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி பி.ஓ.இ.யில் சூடாகும், முனையில் ஒடியும்.

கே: உள்ளே எல்லாம் ஒரே சிப் என்றால் பிராண்டுக்கு எதற்குக் கூடுதல் பணம்?

ப: சிப் ஒன்றாக இருக்கலாம். பவர் சப்ளை, ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்), வாரண்டி ஒன்றல்ல. எச்.பி. தன் புரோகர்வ் ஸ்விட்சுகளில் பல மாடல்களுக்கு, வாங்கியவர் வைத்திருக்கும் வரை வாரண்டி கொடுத்தது.

கே: அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். என் மலிவுப் பெட்டி வருடக்கணக்கில் ஓடுகிறது.

ப: ஓடும். ஆனால் யாராவது மேசைக்கடியில் தொங்கும் கேபிளின் இரண்டு முனையையும் அதே பெட்டியில் சொருகினால்? எல்லா விளக்கும் ஒரேயடியாக மின்னும், பில் போடுவது நிற்கும், எந்தக் கம்பி என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். இப்படிச் சுற்றிவரும் இணைப்பைக் கண்டுபிடிக்கும் லூப் பாதுகாப்பு உள்ள ஸ்விட்ச் அந்த ஒரு போர்ட்டை மட்டும் மூடிவிடும். கூடுதல் பணம் அதற்குத்தான். பிராண்டே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வசதி இருந்தால் எதையும் வாங்குங்கள்.

கே: 10 கம்ப்யூட்டர், 3 கேமராவுக்கு?

ப: மேலே சொன்னதேதான். கேபிள் முழுச் செம்பு!

கே: வீட்டுக்கு வைஃபை?

ப: அது என் துறை இல்லை.

கே: பழைய பவர்கனெக்ட் செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

ப: கற்றுக்கொள்ள வாங்கலாம். ஃபர்ம்வேர் வருவது நின்றுபோன பெட்டி, கணக்கு வழக்கு ஓடும் நெட்வொர்க்கில் வேண்டாம்.