வீட்டில் செய்த மர அறுவை இயந்திரத்தில் உதவியாளருக்குக் காயம்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: எங்கள் நிலத்தில் சாய்ந்த மரங்களைப் பலகையாக்கிக்கொள்வதற்காக நானே ஒரு பேண்ட் சா மில் (இரு சக்கரங்களின் மேல் வளையமாக ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் இயந்திரம்) செய்தேன். பழைய பெட்ரோல் எஞ்சின், டிரெய்லர் சக்கரங்கள் இரண்டு, தடியின் நீளத்துக்கு ஓடும் இரும்புத் தண்டவாளம் ஆகியவற்றைக் கொண்டு அமைத்தது. அது நன்றாக அறுப்பதைப் பார்த்துத் தெரிந்தவர்கள் தங்கள் தடிகளையும் கொண்டுவந்தார்கள். கூலி வாங்கிக்கொண்டு அறுத்துக் கொடுத்தேன். தடி புரட்டுவதற்கு ஒருவர் உதவிக்கு வருவார். வரும் நாளுக்குச் சம்பளம் கொடுப்பேன். சென்ற மாதம் பிளேடு மாற்றுவதற்காகச் சக்கரத்தின் மூடியைக் கழற்றியவன், அவசரத்தில் திரும்ப மாட்டாமல் விட்டுவிட்டேன். எஞ்சினை நிறுத்திய பிறகு, சக்கரத்தில் அப்பியிருந்த மரத்தூளைத் தட்டிவிடக் கை வைத்தவருக்கு இரண்டு விரல்கள் வெட்டுப்பட்டன. வேலைக்கு வரத் தொடங்கியபோதே, சொந்தப் பொறுப்பில் வேலை செய்வதாக அவர் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். இப்போது இழப்பீடு கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. மூடி மாட்டித்தான் இருந்தது என்று பதில் சொல்லும்படி நண்பர் ஒருவர் கூறுகிறார். நான் பொறுப்பாவேனா? பிறர் மரத்தை அறுக்க உரிமம் வேண்டுமா? இந்த இயந்திரத்தை ஒருவர் விலைக்குக் கேட்கிறார், விற்கலாமா?

பதில்: உங்கள் நண்பரின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். மூடி மாட்டியிருந்த சக்கரத்தில் விரல்கள் அப்படி வெட்டுப்பட முடியுமா என்பதை இயந்திரத்தைப் பார்வையிடும் எந்தப் பொறியாளரும் சொல்லிவிடுவார். மருத்துவரின் குறிப்பும் காயத்தின் தன்மையும் அதையே பேசும். பணத்தால் தீர்க்கக்கூடிய ஓர் உரிமையியல் வழக்கில் பொய்யான பதிலையோ ஜோடித்த சாட்சியத்தையோ கொண்டுவந்தால், அது தண்டனைக்குரிய தனிக் குற்றமாகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மைகளையும் நீதிமன்றம் நம்பாது.

இன்றே செய்யவேண்டிய வேலைகள் சில உள்ளன. இயந்திரத்தை இயக்காமல், எதையும் மாற்றாமல் அப்படியே வையுங்கள். கழற்றிய மூடியை இப்போது மாட்டிவிடாதீர்கள். மூடி இருந்த இடம், அதன் போல்ட்டுகள், பிளேடு, எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச், நீங்கள் இருவரும் நின்ற இடம் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஏதேனும் காப்பீடு இருந்தால், அது இந்த விபத்துக்குப் பொருந்துமா என்று நீங்களாக முடிவு செய்யாமல் உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். தாமதமான தகவலையே காரணமாகக் காட்டிப் பணம் மறுக்கப்படுவதுண்டு. காப்பீட்டாளரின் சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையும் பெரும்பாலான பத்திரங்களில் இருக்கும். வீட்டுக்கென எடுத்த காப்பீட்டில் கூலித்தொழில் விலக்கப்பட்டிருக்கக்கூடும். அந்தப் பகுதியை வழக்கறிஞரோடு அமர்ந்து படியுங்கள். நோட்டீஸுக்கு அதில் குறித்துள்ள காலத்துக்குள் பதில் போகவேண்டும்.

கையெழுத்து வாங்கிய அந்தக் காகிதத்தை நீங்கள் பெரிதும் நம்புவது கடிதத்தில் தெரிகிறது. அது உங்களைக் காப்பாற்றும் என்று என்னால் சொல்ல இயலவில்லை. ஆபத்தை அறிந்திருப்பது வேறு, அந்த ஆபத்தால் வரும் இழப்பைத் தானே ஏற்றுக்கொள்ளச் சம்மதிப்பது வேறு என்பதை, அந்நாளில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் விளங்கிய இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1891-ஆம் ஆண்டிலேயே ஸ்மித் எதிர் பேக்கர் வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. பாறையில் துளையிடும் தொழிலாளி ஒருவரின் தலைக்கு மேலாகக் கிரேன் மூலம் கற்கள் கொண்டுபோகப்பட்டன. அது அபாயம் என்று தெரிந்தே வேலையைத் தொடர்ந்தவர் மீது ஒரு நாள் கல் விழுந்தது. தெரிந்தே வேலை செய்தார் என்பதற்காக அவருடைய உரிமை போய்விடாது என்று தீர்ப்பாயிற்று. இங்கிலாந்தில் தோன்றி நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இந்தக் கோட்பாடு இன்றும் எடுத்தாளப்படுகிறது. பிரிட்டனில் 1977-ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, தொழில் நடத்துபவர் தமது கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உள்ள பொறுப்பை எந்த ஒப்பந்தத்தாலும் விலக்கிக்கொள்ள முடியாது என்கிறது. உங்கள் வழக்கில் இன்னொரு கேள்வியும் எழும்: அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்ட நாளில் சக்கரத்துக்கு மூடி இருந்தது. மூடியில்லாத சக்கரத்தின் அருகே வேலை செய்ய அவர் எப்போது சம்மதித்தார்?

அவர் உங்கள் தொழிலாளியா, நண்பராக வந்து உதவியவரா என்பதும் முக்கியம். நீங்கள் அவரை எப்படி அழைத்தீர்கள் என்பதைச் சட்டம் பொருட்படுத்துவதில்லை. வேலையைச் சொன்னவர் யார், நேரத்தைத் தீர்மானித்தவர் யார், கருவி யாருடையது, நாள் கணக்கில் பணம் கொடுத்தவர் யார் என்றுதான் பார்க்கும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எல்லா விடைகளும் உங்களையே காட்டுகின்றன. பல நாடுகளில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள், முதலாளியின் தவறு நிரூபிக்கப்படாவிட்டாலும் வேலையின்போது நேர்ந்த காயத்துக்கு இழப்பீடு தரச் சொல்கின்றன. உங்களுடைய நாட்டில் அத்தகைய சட்டம் தற்காலிகத் தொழிலாளர்களுக்கும் பொருந்துமா என்பதை உங்கள் வழக்கறிஞர் முதலில் பார்க்கவேண்டும்.

தவறு யாருடையது என்ற விசாரணைக்கே போனாலும் உங்கள் நிலை பலவீனமானது. காரணம் இயந்திரத்திலேயே இருக்கிறது. இத்தகைய மில்களில் பிளேடு நொடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வேகத்தில் ஓடும். கனமான இரு சக்கரங்கள் அதைச் சுமந்து சுழலும். எஞ்சின் நின்றதும் சத்தம் அடங்கிவிடுகிறது, சக்கரம் மட்டும் சுழன்றுகொண்டே இருக்கிறது. காதை நம்பும் மனிதன் இயந்திரம் நின்றுவிட்டது என்று எண்ணும் அந்தச் சில நொடிகள்தான் மிக ஆபத்தானவை. அந்த நொடிகளில் கையை வெளியே நிறுத்துவதற்காகவே மூடி வைக்கப்படுகிறது. ஆகவே நீதிமன்றத்தில் எழக்கூடிய கேள்விகளை நீங்கள் இப்போதே எண்ணிப் பார்க்கலாம். சக்கரத்துக்கு பிரேக் இருந்ததா? மூடி திறந்திருந்தால் எஞ்சின் இயங்காதபடி ஒரு சுவிட்ச் வைத்திருக்க முடியாதா? கைப்பிடியை விட்டதும் வேகம் குறைந்து கிளட்ச் விடுபடும் அமைப்பு இருந்ததா? மரத்தூளை எடுக்கத் தூரிகையோ கம்போ கொடுத்தீர்களா? எஞ்சின் நின்ற பிறகும் சக்கரம் சுழலும் என்று அவருக்கு எப்போதாவது சொன்னீர்களா?

வீட்டில் செய்த இயந்திரத்திடம் ஆலையில் செய்ததன் தரத்தை எதிர்பார்க்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். கூலி கொடுத்து ஒருவரை அதன் பக்கத்தில் நிறுத்திய பிறகு எதிர்பார்ப்பார்கள் என்பதே என் பதில். இயந்திரப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தர நிர்ணயமான ஐ.எஸ்.ஓ. 12100, ஆபத்தை வடிவமைப்பிலேயே நீக்குவது முதல் கடமை, நீக்க முடியாததை மூடிக் காப்பது அடுத்தது, எச்சரிக்கை தருவது கடைசி என்று வரிசைப்படுத்துகிறது. அது சட்டமல்ல, ஆனால் நியாயமான கவனம் எது என்று நிபுணர் சாட்சி சொல்லும்போது அந்த வரிசையைத்தான் காட்டுவார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு இயந்திர நெறிமுறையோ, தன் சொந்த உபயோகத்துக்காக இயந்திரம் செய்துகொள்பவரையும் உற்பத்தியாளர் என்ற வரையறைக்குள் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது.

அவர் கை வைத்ததும் கவனக்குறைவுதானே என்ற வாதம் உங்களுக்கு உண்டு. அதை எடுத்துரைக்கலாம், நீதிமன்றம் ஏற்றால் இழப்பீட்டில் ஒரு பங்கு குறையும். ஆனால் முழுதும் விடுபட அது உதவாது. காப்பு மூடி என்பது எப்போதும் விழிப்பாக இருப்பவருக்காக மட்டும் வைக்கப்படுவதல்ல, சற்றே கவனம் சிதறியவரைக் காப்பதற்காகவும் வைக்கப்படுவது.

ஆகவே வழக்கை நடத்தி வெல்லலாம் என்ற எண்ணத்தை விட்டு, நியாயமான சமரசத்தை நாடுங்கள் என்று கூறுவேன். காப்பீட்டாளர் இருந்தால் அவருடைய சம்மதத்துடன், இல்லையென்றால் நீங்களாகவே, பொறுப்பை ஏற்பதாகக் கருதக் கூடாது என்று குறிப்பிட்டு மருத்துவச் செலவை இப்போதே கொடுத்து, ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். வலியில் படுத்திருப்பவரிடம் இன்னொரு கையெழுத்து மட்டும் வாங்கிவிடாதீர்கள். அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம் அது, சட்டத்திலும் நிற்காது. இறுதி உடன்பாடு, விரல்களின் செயல்திறன் எவ்வளவு மீளும் என்று மருத்துவர் எழுதித் தந்த பிறகு, அவரும் தமக்கென ஒரு வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெற்றுக்கொண்டு செய்வதாக இருக்கட்டும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பொருந்துமானால், அதில் சொன்ன அதிகாரியின் முன் பதிவு செய்யாத தனி உடன்பாடு செல்லாமல் போகலாம்.

உரிமம் குறித்த கேள்விக்கான விடை நாட்டுக்கு நாடு வேறுபடும். தன் நிலத்து மரத்தைத் தன் தேவைக்கு அறுப்பதில் சில இடங்களில் தடை இல்லை; பிறருக்குக் கூலிக்கு அறுக்கத் தொடங்கியதும் அது தொழிலாகிவிடுகிறது, நில உபயோகம், தொழில் உரிமம், சத்தம், தீ ஆகியவை குறித்த விதிகள் எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. வேறு சில நாடுகளில் இயந்திரத்தை நிறுவுவதே வனத்துறையின் அனுமதிக்கு உட்பட்டது. இந்தியாவில், காடுகளின் பாதுகாப்பு குறித்த கோதவர்மன் வழக்கில் 1996 முதல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளின் தொடர்ச்சியாக மர அறுவை ஆலைகள் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2016-இல் ஒன்றிய அரசு இதற்கெனத் தனி வழிகாட்டுதல்களையும் வெளியிட்டது. உரிமமில்லாத இயந்திரம் பறிமுதலாகவும் கூடும். எனவே எழுத்து மூலமான அனுமதி கையில் வரும்வரை பிறருடைய ஒரு தடியையும் ஏற்றாதீர்கள்.

அனுமதி கிடைத்துத் தொடர்வீர்களானால், தடி யாருடையது, எந்த நிலத்தில் வெட்டியது, வெட்டுவதற்கும் கொண்டுவருவதற்கும் அனுமதி இருந்ததா என்பதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திருட்டு மரம் என்று அறியாமல் அறுத்தாலும் உண்மையான உரிமையாளர் உங்கள் மீது உரிமையியல் வழக்குத் தொடர முடியும். அறிந்திருந்தால், அல்லது அறிந்திருக்க வேண்டிய சூழ்நிலை இருந்தால், அது குற்ற வழக்காகும். தடிக்குள் ஆணி இருக்கிறதா என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 150-ஆவது பிரிவின்படி, ஒப்படைக்கும் பொருளில் தமக்குத் தெரிந்த குறையைச் சொல்லாமல் மறைத்தவர், அதனால் நேரடியாக விளையும் சேதத்துக்குப் பொறுப்பாவார். வேலிக்காக ஆணியடித்திருந்த மரம் என்பதை அறிந்தும் மறைத்தவரின் தடியால் பிளேடு அறுந்தால், நீங்கள் இந்தியாவில் இருப்பவரானால் இந்தப் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும். அறுத்த கூலி வரும்வரை பலகையை நிறுத்திவைத்துக்கொள்ளும் உரிமையை 170-ஆவது பிரிவு தருகிறது.

கடைசியாக, விற்பனை. மூடியில்லாத இயந்திரத்தை விற்பதும் வாடகைக்கு விடுவதும் காட்சிக்கு வைப்பதும் கூடத் தடுக்கப்பட வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 119-ஆவது உடன்படிக்கை 1963-இல் வகுத்தது. அதை ஏற்ற நாடுகளில் உள்நாட்டுச் சட்டமும் அப்படியே இருக்கவேண்டும். ஏற்காத இடத்திலும், 1932-இல் டோனஹியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில் நிலைபெற்ற கோட்பாட்டின்படி, செய்தவரின் கவனக்கடமை வாங்குபவரோடு நிற்காமல் பயன்படுத்துபவர் வரை தொடரும். 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்று எழுதிக்கொடுப்பதால், வாங்குபவரின் மகனோ வேலையாளோ காயப்படும்போது உங்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்காது. அதைவிட உடனடியான தடை ஒன்று இருக்கிறது: அந்த இயந்திரம் இப்போது ஒரு வழக்கின் சான்றுப்பொருள். நோட்டீஸ் வந்த பிறகு அதை விற்றால், சான்றை அப்புறப்படுத்தினீர்கள் என்றே நீதிமன்றம் கருதும். சமரசம் பதிவாகும்வரை, அல்லது தீர்ப்பும் மேல்முறையீட்டுக் காலமும் முடியும்வரை, கேட்டவருக்கு இல்லையென்று எழுதி அனுப்பிவிடுங்கள்.