மூன்றரை வயதுப் பையனை முதல் முறையாகப் பல் டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். எப்படித் தயார் செய்வது?

பையனுக்கு வலி எதுவும் இல்லை, அடுத்த வாரம் சும்மா பரிசோதனைக்குத்தான், ஆனால் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே அழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். வலி வருவதற்கு முன்பே போகிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். நாங்கள் அப்படிப் போகவில்லை.

நான் மருத்துவன் இல்லை. எனக்கு ஒரே மகள். ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு ஊருக்கு அறிவுரையா என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். நான் செய்த தவறை இன்னொருவர் செய்யாமல் இருந்தால் எனக்குப் போதும்.

என் தவறு இதுதான்: அவளிடம் பொய் சொன்னேன்.

அவளுக்கு அப்போது மூன்று வயது இரண்டு மாதம். ராத்திரி பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்குவாள். வெள்ளைச் சர்க்கரை கெடுதல் என்று நாட்டுச்சர்க்கரை போட்டுக் கொடுத்தோம். பல்லுக்கு அதுவும் சர்க்கரைதான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும், பால் பல்லிலேயே தங்கிவிடும். மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு மாதிரி ஒரு வெள்ளை. பிறகு அது பழுப்பானது, சொத்தை. கீழ்ப் பற்களை நாக்கு மறைத்துக்கொள்வதால் அவை தப்பித்தன. அம்மாவிடம் காட்டினேன். "பால் பல்லுதானேப்பா, விழுந்து முளைக்கும்" என்றார்.

இதற்கு நடுவே வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து பல் டாக்டரைப் பூச்சாண்டி ஆக்கி வைத்திருந்தோம். "சாக்லேட் தின்னா டாக்டர் குறடு வெச்சுப் புடுங்கிடுவார்" என்பது எங்கள் வீட்டில் தினமும் கேட்கும் பேச்சு. நானும் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு ஐஸ்கிரீம் கடைக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் வண்டியில் உட்கார வைத்தேன். கிளினிக் படியேறும்போதே மருந்து வாசனையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஊசி போட மாட்டாங்க கண்ணு, வலிக்கவே வலிக்காது" என்றேன். அதுவரை அவள் ஊசியைப் பற்றி நினைத்திருக்கவே மாட்டாள். நாற்காலியில் வைக்கப் போனபோது என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது பட்டன் பிய்ந்து அவள் கையோடு போனது. நர்ஸ் காலைப் பிடித்தார், நான் கையைப் பிடித்தேன். வாயைத் திறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பட்டன் அவள் கைக்குள் இருந்தது. "நீ பொய் சொன்னே" என்றாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் ஐஸ்கிரீம் வாங்கப் போகலாம் என்றாலும் வண்டியில் ஏறமாட்டாள்.

அந்த டாக்டரைக் குறை சொல்லவில்லை. வெளியே இன்னும் எட்டுப் பேர் காத்திருந்தார்கள், அவரால் முடிந்ததைச் செய்தார்.

இரண்டு மாதம் கழித்து, குழந்தைகளுக்கான பல் மருத்துவம் தனியாக எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு படித்த ஒரு டாக்டரிடம் போனோம். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பணம் இருப்பவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அந்த டாக்டரம்மா முன்கூட்டியே போனில் பேசினார். ஊசி, ரத்தம், பிடுங்குவது என்ற வார்த்தைகளே வீட்டில் வேண்டாம், வலிக்கும் என்றும் சொல்ல வேண்டாம், வலிக்காது என்றும் சொல்ல வேண்டாம். அங்கே என்னென்ன இருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். மேலே போய்க் கீழே வரும் நாற்காலி, பெரிய லைட்டு, குட்டிக் கண்ணாடி, காற்று அடிக்கும் குழாய், தண்ணீர் உறிஞ்சும் ஸ்ட்ரா. அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு வாரம் வீட்டில் விளையாட்டு. ராத்திரி பல் தேய்த்ததும் என் மடியில் படுக்க வைத்து, செல்போன் டார்ச்சை அடித்து, ஒரு சின்ன எவர்சில்வர் ஸ்பூனின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணுவேன். மொத்தம் இருபது. பிறகு அவள் டாக்டர், நான் பேஷன்ட்.

இங்கே கொஞ்சம் என் கதையைச் சொல்ல வேண்டும். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். நான் தர்மபுரி மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது. அதற்கு முன் வளர்ந்த எங்களில் பலருக்குப் பல்லில் காப்பி நிறக் கறை. தாடைக்குள் பல் உருவாகும்போதே படிந்தது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பெண் பார்க்கப் போன வீட்டில் என்னை வைத்துக்கொண்டே "தம்பி பாக்கு போடுமா?" என்று கேட்டார்கள். பாக்கைத் தொட்டதில்லை. இன்றைக்கும் போட்டோவுக்கு வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறேன். தண்ணீர் கொடுத்த கறைக்கு ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளைப் பல் விளக்காதவர்கள் என்று பேசினால் அது எப்படி வலிக்கும் என்று பேசுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

அந்த ஸ்பூன் விளையாட்டில் என் மகள் கேட்டாள்: "அப்பா, உன் பல்லு ஏன் இப்படி இருக்கு?" அழுக்கு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். இந்த முறை உண்மையைச் சொன்னேன். சின்ன வயதில் குடித்த தண்ணீர், கண்ணு. சரி என்று தலையாட்டிவிட்டு எண்ண ஆரம்பித்தாள். இருபது வரைதான் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் இருந்த பற்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.

அதனால், சொத்தை வராமல் இருக்கப் போடும் ஃபுளோரைடு பேஸ்ட் என்றாலே எனக்குப் பயம். டாக்டரம்மாவிடம் கேட்டேன். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று முதலில் விசாரித்தார். இப்போது கோவையில் இருக்கிறோம், சிறுவாணி அணைத் தண்ணீர், அதில் ஃபுளோரைடு குறைவு. அப்படியானால் பயம் வேண்டாம், அளவுதான் முக்கியம் என்றார். மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு, அதற்குப் பிறகு ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பிதுக்குவார்களே, அது குழந்தைக்கு இல்லை.

அன்றைக்கு அவர் முகக்கவசம் போடாமல் வெளியே வந்து பேசிவிட்டு, அவள் பார்க்கப் பார்க்கப் போட்டுக்கொண்டார். நாற்காலியே வேண்டாம் என்றார். அவரும் நானும் முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தோம். மகள் என்னைப் பார்த்து என் மடியில் உட்கார்ந்து, அப்படியே பின்னால் சாய்ந்து அவர் மடியில் தலை வைத்தாள். கண் என் முகத்திலேயே இருந்தது. காற்றுக் குழாயை முதலில் அவள் விரல் நகத்தில் அடித்துக் காட்டி, பிறகுதான் பல்லில் அடித்தார். சொல்லு, காட்டு, பிறகு செய் என்ற இந்த முறையை அடெல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் 1959-லேயே எழுதிவைத்திருக்கிறாராம். கொஞ்சம் அழுதாள். ஆனால் வாயைத் திறந்துகொண்டு அழுதாள்.

மூன்றாவது தடவை கடைவாய்ப் பல் ஒன்றை அடைக்க மரத்துப்போகும் மருந்து தேவைப்பட்டது. "எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குனு இருக்கும், அஞ்சு எண்றதுக்குள்ள போயிடும், அப்புறம் பல்லு தூங்கிடும்" என்று அவளிடமே சொன்னார். ஐந்து எண்ணினோம். முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனம் வேண்டும். உதடு மரத்திருப்பது தெரியாமல் குழந்தைகள் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். இரண்டு மூன்று மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன்.

பால் பல்தானே என்று உங்கள் வீட்டிலும் சொன்னால், கடைவாய்ப் பால் பற்கள் 10–12 வயது வரை இருக்க வேண்டியவை என்று சொல்லுங்கள். முன்பே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியில் வரும் பல்லுக்கு இடம் இல்லாமல் போகும்.

உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள், மத்தியானத் தூக்க நேரம் வேண்டாம். பாட்டி தாத்தா எல்லோரும் சேர்ந்து போகாதீர்கள், ஒருவர் போதும். பெரியவர்கள் உங்கள் பல்வலிக் கதையை அவன் காதுபடப் பேசாதீர்கள். அன்றைக்கு அவன் நாற்காலியில் ஏறி இறங்கிவிட்டு, வாயைத் திறக்காமலேயே திரும்பினாலும் திட்டாதீர்கள். ஃபீஸ் கேட்டால் கொடுத்துவிட்டு, அடுத்த தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.