கொங்கு நாட்டில் கடலே இல்லை. கடல் ஆராய்ச்சியால் நமக்கு என்ன பயன்? கடல் தரவுகளை எல்லா நாட்டுக்கும் இலவசமாகக் கொடுப்பது வீண்தானே?

காங்கேயம் பக்கம் வானம் பார்த்த பூமியில் வளர்ந்தவன் நான். இப்போது கல்லூரியில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். கேள்வியின் முதல் பாதியை மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். இரண்டாம் பாதியை யாராவது கேட்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நமக்குக் கிடைக்கும் இரண்டு பருவமழையும் கடல் கொடுப்பதுதான். தென்மேற்கு மழையின் பெரும்பகுதியை மலை வாங்கிக்கொள்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர்தான் பவானி, சிறுவாணி, ஆழியாறு, அமராவதி வழியாக நம்மிடம் இறங்கி வருகிறது. அதே காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் பக்கமிருந்து வரும் மழை. வாய்க்கால் பாயாத ஊர்களில் மானாவாரிக் காடு, கிணறு, மாடு மேயும் கொறங்காடு எல்லாமே இந்த மழையை நம்பித்தான் இருக்கின்றன.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. அதற்கடுத்த கோடையில் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மரங்கள் பட்டுப்போனது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலில் சுமத்ராவை ஒட்டிய கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகவும், ஆப்பிரிக்கா பக்கத்து மேற்குப் பகுதி குளிர்ந்தும் இருந்தது. பசிபிக்கில் லா நினா தலைகாட்டியது, அதாவது அந்தக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தன. இவை இரண்டும் சேரும்போது நம் வடகிழக்கு மழை பெரும்பாலும் மெலியும். பஞ்சத்துக்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரிய பங்கு இதற்கு உண்டு.

கிழக்கும் மேற்கும் இப்படி மாறி மாறிச் சூடாவதை இந்தியப் பெருங்கடல் இருமுனை என்கிறார்கள். சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகதா என்ற நான்கு அறிஞர்கள் 1999-இல் இதை வெளியிட்டார்கள். மூவர் இந்தியர், ஒருவர் ஜப்பானியர். இதை என் அப்பாவிடம் சொன்னபோது, "ஏஞ்சாமி, ஆப்பிரிக்காக் கடலு காஞ்சா காங்கேயத்துல மழை பேயுங்கறயா?" என்று கேட்டார். "பேயறதுக்கு வாய்ப்பு ஜாஸ்திங்கப்பா" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் அவர் கேட்டதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. நம் மழைக்கான அளவுகளில் பெரும்பகுதி இந்தியாவுக்குச் சொந்தமில்லாத கடலில் எடுக்க வேண்டியவை.

எந்த நாடும் தனியாக இதைச் செய்ய முடியாது. அறுபதுகளின் முதல் பாதியில் பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை அளந்தன. அந்த முயற்சியின் தொடர்ச்சியாகத்தான் 1966-இல், இப்போது கோவாவில் இருக்கும் நம் தேசிய கடலியல் நிறுவனம் வந்தது. ஆனாலும் கப்பல் போன வழியில், போன நாளில் மட்டுமே அளவு கிடைக்கும். அந்தக் குறையைத் தீர்த்தது ஆர்கோ என்ற மிதவைத் திட்டம்.

ஆர்கோ மிதவை ஆள் உயரத்துக்கு ஓர் உருளை. கடலில் 1,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, நீரோட்டத்தோடு ஒன்பது நாள் போல நகரும். பிறகு 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து மேலே வரும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டே வரும். உள்ளிருக்கும் எண்ணெயை வெளிப் பைக்குத் தள்ளினால் பருமன் கூடி மிதக்கும், திரும்ப இழுத்தால் மூழ்கும். மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்கு அளவை அனுப்பிவிட்டு மறுபடி முங்கும். 2007-இல் 3,000 மிதவைகள் ஆயின, இப்போது சுமார் 4,000. முப்பது நாடுகள் போலச் சேர்ந்து போட்டவை. எந்த நாடு போட்டிருந்தாலும், பெரும்பாலான அளவுகள் 24 மணி நேரத்துக்குள் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வந்துவிடும். இந்தியாவின் பங்கை ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையம் பார்த்துக்கொள்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நாம் கொடுப்பதைவிடப் பெறுவது பல மடங்கு அதிகம். வீண் என்று எப்படிச் சொல்வது?

வங்கக்கடலைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவந்து கொட்டும் நன்னீர் மேலே மெல்லிய அடுக்காகப் படிந்துவிடுகிறது. அது கீழே இருக்கும் உப்புநீரோடு எளிதில் கலக்காது. அதனால் சூடு மேலடுக்கிலேயே தங்கி, புயலுக்குத் தீனியாகிறது. செயற்கைக்கோள் காட்டுவது மேல்தோலை மட்டும்தான், இந்த அடுக்கின் ஆழம் தெரிய வேண்டுமென்றால் கடலுக்குள் கருவி இறங்கியே ஆக வேண்டும். சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் நங்கூரமிட்டு நிறுத்தியிருக்கும் மிதவைகளும் இதற்குத்தான். அவற்றைச் சுற்றி மீன் கூடுவதால் சில படகுகள் அவற்றிலேயே கட்டி மீன் பிடிக்கின்றன, கருவி கெட்டுப்போகிறது. அந்த நாட்களின் அளவு போனது போனதுதான்.

இந்த அளவுகளெல்லாம் கடைசியில் கணினி மாதிரிகளுக்குள் போகின்றன. கடலைக் கட்டங்களாகவும் அடுக்குகளாகவும் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரோட்டமும் வெப்பமும் எப்படி மாறும் என்று கணக்கிடுவார்கள். புது அளவுகள் வந்து திருத்தாவிட்டால் கணக்கு நாளாக ஆக உண்மைக் கடலைவிட்டு விலகிவிடும். 2012-இல் தொடங்கிய பருவமழைத் திட்டத்தில் புனே அறிஞர்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்கர்கள் உருவாக்கிய மாதிரியை. அதை நம் பருவமழைக்கு ஏற்பச் சீர்செய்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பருவத்துக்கு முன் மாவட்டவாரியாக வெளியிடும் மழை முன்னறிவிப்பும் பசிபிக் கடலின் வெப்ப அளவுகளை வைத்துத்தான், ஆஸ்திரேலிய மென்பொருளில் போடப்பட்டு வந்திருக்கிறது.

சரி, நீங்களே பார்க்க ஆசைப்பட்டால் ஆர்கோ தளத்தில் இந்தியப் பெருங்கடலைத் தேர்ந்தெடுத்து ஒரு மிதவையின் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். சாதாரண மடிக்கணினி போதும். தரக்குறியீடு 1 உள்ள அளவுகளை மட்டும் எடுங்கள், 4 என்றால் கெட்ட அளவு. என் மாணவர்கள் முதலில் வரைவது வங்கக்கடலில் ஒரு மிதவையின் உப்பு அளவை ஆழத்துக்கு எதிராக. மேலே சில பத்து மீட்டரில் கோடு சட்டென்று திரும்பும் இடத்தில் அந்த நன்னீர் அடுக்கு முடிகிறது.