பௌதிகவியலைக் கைவிட வேண்டாம்: பொகவந்தலாவைத் தாய் ஒருவருக்கு

மதிப்புக்குரிய அம்மா,

மகள் உயர்தர உயிரியல் பிரிவில் பௌதிகவியலை விட்டு விவசாய விஞ்ஞானத்தை எடுத்தால் புள்ளி கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். புற்றுநோய்க் கலங்களுக்குள் நனோ துணிக்கைகள், அதாவது கலத்தை விட மிகச் சிறிய துணிக்கைகள், எவ்வளவு போகின்றன என்று எக்ஸ்-கதிரால் அளக்கும் ஆராய்ச்சிக்கே போவேன் என்று அவள் நிற்பதாகவும் அதே கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இவ்விரண்டும் ஒத்துப்போகா, ஏனெனில் அந்த அளவீடே பௌதிகவியல்தான்.

கதிர்ச் சிகிச்சையின் தாக்கத்தைக் கூட்டுவதற்கும் மருந்தைச் சுமந்து செல்வதற்கும் தங்க நனோ துணிக்கைகளை ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள். போதிய சக்தியுள்ள எக்ஸ்-கதிர் தங்க அணுவின் உள் ஓட்டிலிருந்து ஓர் இலத்திரனை வெளியேற்றும். அந்த வெற்றிடத்துக்கு வெளி ஓட்டு இலத்திரன் இறங்கும்போது, ஏறத்தாழ 9.7 கிலோ இலத்திரன்வோல்ற்று சக்தியுடன், தங்கத்துக்கே உரிய எக்ஸ்-கதிர் வெளிவரும். அதை எண்ணி, நிறை தெரிந்த தங்க மாதிரியுடன் ஒப்பிட்டுக் கலத்திலுள்ள தங்கத்தைக் கணிக்கிறார்கள்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் எடையையும் ஈரத்தையும் கழிப்பதை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். இங்கேயும் கலத்தின் மேல் வெறுமனே ஒட்டியிருக்கும் துணிக்கைகளைக் கழித்தால்தான் உள்ளே போனதன் கணக்கு சரியாகும். அதற்காகக் கலங்களைக் கழுவுவார்கள். ஒரு தொகுதியை 4 பாகை செல்சியசில் வைத்தும் ஒப்பிடுவார்கள், ஏனெனில் அந்தக் குளிரில் கலம் துணிக்கைகளை விழுங்குவது பெரும்பாலும் நின்றுவிடுவதால், அங்கே தெரியும் தங்கம் அநேகமாக வெளியே ஒட்டியதுதான். இந்தக் கழித்தலில் கவனமுள்ள பிள்ளைக்கே இந்த வேலை பொருந்தும். உங்கள் மகளின் செய்முறைக் கொப்பியைப் பார்த்தபோது அந்தக் கவனத்தைக் கண்டு உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் உங்களுக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறது. கதிர்ப்படவியல் பட்டமும் அந்தப் பல்கலைக்கழகத்தில் உண்டு, ஆனால் அது நோயாளிகளைப் படமெடுக்கும் மதிப்பான தொழிலுக்கானது. அவள் கேட்பது அதுவல்ல. நுண்ணிய எக்ஸ்-கதிர்க் கற்றை தரும் சிங்குரோத்திரன் என்னும் பெரிய இயந்திரம் இலங்கையில் இல்லாததால், பட்டத்துக்குப் பின் புலமைப்பரிசிலோடு வெளிநாடு செல்ல நேரலாம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சம்பளம் கைக்கு வரச் சில ஆண்டுகள் கூடுதலாகும். உங்கள் வீட்டு நிலையில் அது சின்ன விடயமல்ல.

பாடத்தை மாற்றும் படிவத்தில் இன்னும் கையெழுத்திட வேண்டாம். கடந்த இரண்டு தவணைகளின் பௌதிகவியல் விடைத்தாள்களோடு மகளைச் சனிக்கிழமை அனுப்புங்கள். எந்த அலகில் புள்ளி போகிறது என்று முதலில் பார்ப்போம்.