ஓர் எழுத்துக்காக முழு ஜீனையும் வாங்க வேண்டுமா?

கேள்வி: எம்.எஸ்சி. மாணவி நான். தோட்டத்து மண்ணில் கிடைத்த பேசில்லஸ் பாக்டீரியாவின் அமைலேஸ் (ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி) ஜீனை ஒரு பிளாஸ்மிடில் (வட்டமான சிறு டிஎன்ஏ) ஏற்றி வைத்திருக்கிறேன். நீளம் 1,980 டிஎன்ஏ எழுத்து, தொடக்கம் டிடிஜி (TTG). இதைப் பயோபிரிக் பாகமாக, அதாவது மற்றப் பாகங்களோடு வெட்டி ஒட்டும்படி ஒரே மாதிரி முனைகள் கொண்ட டிஎன்ஏ துண்டாக, மாற்ற வேண்டும். அந்த முனைகளை வெட்டப் பயன்படும் நொதிகளில் ஒன்றான பிஎஸ்டி-1 (PstI) வெட்டுமிடம் ஒன்று ஜீனின் நடுவிலும் குறுக்கே நிற்கிறது. முழு ஜீனையும் புதிதாகச் செய்து வாங்குவதுதான் வழி என்கிறார் ஜீன் செய்து விற்கும் கம்பெனியின் ஏஜென்ட். உண்மையா?

பதில்: அவருக்குக் கமிஷன் வரும் வழி அதுதான். உங்களுக்கு ஓர் எழுத்தை மாற்றினால் போதும்.

பிஎஸ்டி-1 என்ற கத்தரி வெட்டுவது சிடிஜிசிஏஜி (CTGCAG) என்ற ஆறு எழுத்தை. மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்பது கணக்கு. அது சிடிஜி, சிஏஜி என்று மும்மூன்றாகப் பிரிந்தால் லூசின், குளுட்டமின். கடைசி ஜி-யை ஏ ஆக்குங்கள். சிஏஏ என்றாலும் குளுட்டமின்தான். நொதி அப்படியே இருக்கும், கத்தரிக்கு மட்டும் இடம் தெரியாது. ஆனால் மும்மூன்றாக எண்ணுவதை ஜீனின் முதல் எழுத்திலிருந்து தொடங்குங்கள். பிரிப்பு ஓர் எழுத்து தள்ளிப்போனால் இதே மாற்றம் அமினோ அமிலத்தையே மாற்றிவிடும்.

மாற்றத்தைச் சுமக்கும் இரண்டு பிரைமர்களை (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) வைத்து முழு பிளாஸ்மிடையும் பிசிஆரில் நகலெடுத்து, பழைய நகலை டிபிஎன்-1 (DpnI) என்ற நொதி போட்டு அழித்துவிடலாம். பழைய பிளாஸ்மிட் டிஎச்5 ஆல்ஃபா போன்ற சாதாரண ஈ. கோலையில் வளர்ந்ததாக இருக்கட்டும். அது தன் டிஎன்ஏவில் மெத்தில் குறி இடும், பிசிஆர் நகலில் அது இருக்காது. மெத்தில் குறி இல்லாத டிஎன்ஏவை டிபிஎன்-1 தொடாது.

‘கோடான் ஆப்டிமைசேஷன்’ என்று, புரதத்தை மாற்றாமல் ஜீனின் எழுத்துகளை ஈ. கோலைக்குப் பிடித்த மாதிரி மாற்றி எழுதுவதையும் கூடவே விற்க வருவார்கள். முதலில் இருக்கிற ஜீனைப் போட்டு, ஸ்டார்ச் தட்டில் அயோடின் ஊற்றிப் பாருங்கள். காலனியைச் சுற்றி வெளுத்த வட்டம் வந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

நான் கவலைப்படுவது உங்கள் டிடிஜி தொடக்கத்தைப் பற்றி. பேசில்லஸில் இது சகஜம், யாரும் கவனிப்பதில்லை. பயோபிரிக்கில் ஜீனுக்கு முன்னால் ஒட்டும் வால் டிசிடிஏஜி (TCTAG) என்று முடியும். அடுத்து, ஜீன்களின் வழக்கமான தொடக்கமான ஏடிஜி-யின் ஏ வந்து சேர்ந்தால்தான் எக்ஸ்பா-1 (XbaI) என்ற இன்னொரு கத்தரி நொதியின் வெட்டுமிடம் முழுமையாகும். உங்கள் ஜீனில் அங்கே டி வருகிறது. எக்ஸ்பா வெட்டவே வெட்டாது. என்சைம் கெட்டுவிட்டது என்று புதுக் குப்பி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பக்கப் பிரைமரிலேயே டிடிஜியை ஏடிஜி ஆக்கிவிடுங்கள். தொடக்கத்தில் நிற்கும் டிடிஜியும் மெத்தியோனினாகத்தான் படிக்கப்படுகிறது. எனவே புரதம் மாறாது. ஜீனின் நடுவே வரும் டிடிஜி லூசின், அதைத் தொடாதீர்கள்.

முடிந்ததும் முழு ஜீனையும் சீக்வென்ஸ் செய்யுங்கள், அதாவது எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். ஒரு ஓட்டத்தில் 700, 800 எழுத்துதான் நம்பும்படி வரும். ஆக மூன்று ஓட்டம். மாற்றிய இடத்தை மட்டும் பார்த்து ‘சரி’ என்று எழுதித் தரும் ஆட்களும் இருக்கிறார்கள்.

பிரைமர்கள் எல்லாவற்றையும் ஒரே ஆர்டரில் போடுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருளுக்கும் மூன்று கொட்டேஷன் கேட்டு, கோப்பை மேசை மேசையாக உருட்டும் கல்லூரிகள் நம்முடையவை. இரண்டாவது முறை போய் நின்றால் செமஸ்டர் முடிந்துவிடும்.