பிளஸ் டூ பிரிவு விழாவில் ஆரூடம் சொல்வது எப்படி? தமிழம்மாவின் பதில்கள்

பிப்ரவரியில் பிராக்டிகல் தொடங்குவதற்கு முன் எல்லாப் பள்ளியிலும் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரிவு விழா நடக்கும். லட்டு, மிக்சர், டீ, குரூப் போட்டோ. அதற்கு நடுவில் பிளஸ் ஒன் பிள்ளைகள் மைக்கைப் பிடித்து, ஒவ்வொரு அண்ணனும் அக்காவும் பத்து வருஷம் கழித்து என்ன ஆவார்கள் என்று வேடிக்கையாக ஆரூடம் சொல்வார்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவரை அந்தச் சீட்டுகள் என் கைக்கு வந்து, திருத்தம் ஆன பிறகுதான் மேடை ஏறும். அது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பிளஸ் ஒன் மாணவர், தேனி: டீச்சர், 42 பேருக்கு எழுதணும். எங்கே தொடங்கறதுன்னே தெரியலை.

பேப்பரை மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் வேடிக்கை பார், தம்பி. இடைவேளையில், சைக்கிள் ஸ்டாண்டில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். யார் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள். கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்துதான் நல்ல ஆரூடம் பிறக்கும்.

எங்கள் பள்ளியில் ஒரு பையன் இருந்தான். தலைமை ஆசிரியர் கீழே படியில் கால் வைத்ததுமே இவன் மாடி வகுப்பில் புத்தகத்தைத் திறந்துவிடுவான். அவனைப் பார்த்து மொத்த வகுப்பும் திறக்கும். அவனுக்கு எழுதிய சீட்டு: "இவர் நில அதிர்வு ஆய்வு நிலையத்தில் விஞ்ஞானி ஆவார். கருவி எதுவும் வேண்டாம், காது போதும்." தலைமை ஆசிரியரே கைதட்டினார். இன்னொரு பெண், வராத தோழிகளுக்கெல்லாம் வேறு வேறு குரலில் "உள்ளேன் டீச்சர்" சொல்வாள். "சினிமாவில் நாலு கதாநாயகிகளுக்கும் டப்பிங் இவரே. சம்பளமும் நாலு."

இரண்டிலும் ஒரே வேலைதான் நடந்திருக்கிறது. பார்த்த பழக்கத்தை எடுத்து, அதை ஒரு தொழிலாக நீட்டி, ஆளை ஒரு படி உயர்த்தி விட்டுவிடுகிறோம். உயர்த்துகிற அந்தக் கடைசித் தூக்கல் இல்லாவிட்டால் வெறும் கிண்டலாகப் போய்விடும்.

இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். ஒரு சீட்டு வாசிக்க 15 விநாடி என்றால் 42 பேருக்குப் பத்தரை நிமிஷம். சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் இன்னொரு பத்து. அதற்கு மேல் போனால் பின் வரிசை பேச ஆரம்பித்துவிடும்.

பிளஸ் ஒன் மாணவி, அரியலூர்: சினிமாப் பாட்டு மெட்டில் பாடலாமா?

பாடத் தெரிந்தவர் இருந்தால் பாடுங்கள். பேர் மட்டும் தெளிவாகக் கேட்க வேண்டும்.

பிளஸ் ஒன் மாணவர், கரூர்: எங்க சீனியர் ஒருத்தர் படிக்கவே மாட்டார். "பத்து வருஷம் கழிச்சும் இதே வகுப்பில் இருப்பார்"னு போடலாமா? அவரே சிரிப்பார்.

போடாதே. அவர் மேடையில் சிரிப்பார். வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்று உனக்குத் தெரியாது.

சீட்டில் வரக் கூடாதவை ஐந்து: உடம்பு, நிறம், ஜாதி, அப்பா அம்மா செய்யும் வேலை, மார்க். இந்த ஐந்தையும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு வருஷமும் சீட்டு எழுத உட்கார வைப்பேன். அப்படியும் ஒரு வருஷம் தவறியது. ஒரு பையனுக்கு, "நூறு மாடுகளுக்குச் சொந்தக்காரர், மேய்ப்பதும் இவரே" என்று ஒருவன் எழுதியிருந்தான். பால் பண்ணை வைப்பான் என்று நான் புரிந்துகொண்டு டிக் போட்டேன். அந்தப் பையனின் அப்பா கூலிக்கு மாடு மேய்ப்பவர் என்பது வகுப்புக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சபை சிரித்தது. அவன் கையில் இருந்த மிக்சர் பொட்டலத்தை அப்படியே மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போனான். மறுநாள் ஹால் டிக்கெட் வாங்க வந்தபோது நிமிர்ந்து பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா" என்றான். அதன் பிறகு, ஒவ்வொரு சீட்டையும் அந்தப் பிள்ளையின் நெருங்கிய தோழன் ஒருவனிடம் காட்டாமல் மேடைக்கு அனுப்பியதில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

ஆசிரியர், தர்மபுரி: நீட் எழுதப் போகிற பிள்ளைகளுக்கு "டாக்டர் ஆவார்" என்று எழுதினால் ஊக்கமாக இருக்கும் அல்லவா?

இருக்காது சார். வீட்டில் தினமும் கேட்கிற வார்த்தையை மேடையிலும் கேட்க வைக்கிறோம், அவ்வளவுதான். நீட் ரிசல்ட் வேறு மாதிரி வந்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கைதட்டல்தான். அந்தப் பிள்ளை தோழிகளின் டிபன் பாக்ஸை எப்படிப் பங்கு வைக்கிறாள் என்று பார்த்து அதை எழுதச் சொல்லுங்கள்.

பிளஸ் ஒன் மாணவர், ஆம்பூர்: கிளி ஜோசியம் மாதிரி செய்யலாம்னு இருக்கோம். நிஜக் கிளி கொண்டு வரலாமா?

கூடாது. பச்சைக்கிளியைப் பிடித்து வைப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆறாம் வகுப்புக் குழந்தை ஒன்றுக்குப் பச்சைத் துண்டு போர்த்தி, சீட்டு எடுக்க விடுங்கள். சபைக்கும் அதுதான் பிடிக்கும்.

ஆனால் குடுகுடுப்பைக்காரர் போலவும் குறி சொல்பவர் போலவும் முகத்தில் கரி பூசி, பேச்சைக் கோணலாக்கி நடிக்காதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் பள்ளியிலேயே படிக்கலாம். "நல்ல காலம் பொறக்குது" என்று விடியற்காலையில் வாசலில் நின்று சொல்கிறவர்களிடமிருந்து அந்த நல்ல வாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வேஷம் வேண்டாம்.

பிளஸ் ஒன் மாணவி, நாமக்கல்: டாக்டருக்குப் படிக்கிற அக்காவுக்கு என்ன எழுதலாம் டீச்சர்?

தர்மபுரி ஆசிரியருக்குச் சொன்னதைப் படிம்மா.

ஒரு தாய், நியூ ஜெர்சி: என் மகன் இங்கே ஹைஸ்கூல் முடிக்கிறான். "யார் பெரிய ஆளாக வருவார்கள்" என்று வகுப்பில் ஓட்டுப் போட்டு, ஆண்டு மலரில் அச்சடிக்கிறார்கள். இவன் பேர் எதிலும் இல்லை. வருத்தமாக இருக்கிறான்.

அங்கே அது பழைய வழக்கம். பட்டமளிப்பை ஒட்டி, வகுப்பின் வரலாறு, கவிதை, உயில் என்றெல்லாம் வாசிப்பார்கள். அதோடு வகுப்பின் ஆரூடமும் உண்டு. நம் பிரிவு விழா ஆரூடத்துக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. ஆனால் ஓட்டுப் போடும்போது ஒரு குறை வந்துவிடுகிறது. பத்துப் பேருக்குப் பட்டம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. நாம் சீட்டு எழுதும்போது கடைசி பெஞ்சு வரை எல்லோர் பேரையும் வாசிக்கிறோம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மகனிடம் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லுங்கள். கலிபோர்னியாவில் 1969-இல் பள்ளி முடித்த ராபின் வில்லியம்ஸுக்கு வகுப்பு கொடுத்த பட்டங்கள் இரண்டு. ஒன்று, ரொம்ப வேடிக்கையானவர். மற்றது, முன்னுக்கு வர வாய்ப்பே இல்லாதவர். முதலாவது பலித்தது. இரண்டாவது பலிக்கவில்லை, 1998-இல் ஆஸ்கர் வாங்கினார். அடுத்தவர் இங்கிலாந்தின் ஜான் கர்டன். 1949-இல் ஈட்டன் பள்ளியில் உயிரியலில் 250 பேரில் கடைசி ஆள். விஞ்ஞானியாகும் எண்ணமெல்லாம் இப்போதைய நிலையில் கேலிக்கூத்து என்று ஆசிரியர் ரிப்போர்ட்டில் எழுதினார். 2012-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த ரிப்போர்ட்டை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தார். மாணவர்கள் எழுதினாலாவது விளையாட்டு என்று விட்டுவிடலாம். ஆசிரியர் பேனா எடுத்து இப்படி எழுதவே கூடாது.

பிளஸ் ஒன் மாணவர், திண்டுக்கல்: எங்க அண்ணன் காலத்துச் சீட்டு நிறைய வீட்டில் இருக்கு. அப்படியே படிக்கலாமா?

அதில் 1,200-க்கு 1,190 என்று இருந்தால் இப்போது யாருக்கும் புரியாது. 2019-இலிருந்து பிளஸ் டூவுக்கு மொத்தம் 600 தான். மாநில முதலிடம் என்று பத்திரிகையில் படம் வருவதாக எழுதியிருந்தாலும் எடுத்துவிடு, ரேங்க் அறிவிப்பதை 2017-இலேயே நிறுத்திவிட்டார்கள். அப்புறம், அண்ணன் தோழர்களின் பழக்கம் உன் சீனியருக்கு எப்படிப் பொருந்தும்?

பிளஸ் ஒன் மாணவர், விருத்தாசலம்: எங்க வகுப்புப் பையன்கள் எழுதினது: "இந்த அக்கா பத்து வருஷம் கழிச்சு மூணு பிள்ளைகளை இழுத்துக்கிட்டு ஸ்கூல் வேனுக்கு ஓடுவாங்க." காமெடியா இருக்கா டீச்சர்?

இல்லை. அந்த அக்கா என்ன செய்வார், என்ன பேசுவார் என்று இதில் எதுவும் இல்லை. பெண் என்பதைத் தவிர நீங்கள் எதையும் பார்க்கவில்லை. திருப்பி எழுதுங்கள்.

ஒரு தந்தை, மதுரை: மேலே சொன்ன பதில் சரியாகப் படவில்லை அம்மா. கல்யாணம், குழந்தை எல்லாம் நல்ல வார்த்தைதானே? அதை ஏன் கெட்டது போல ஒதுக்க வேண்டும்?

நல்ல வார்த்தைதான் ஐயா. அப்படியென்றால் பையன்களின் சீட்டில் ஏன் அது வருவதில்லை? நான் திருத்தத் தொடங்கிய காலத்தில் பெண்பிள்ளைகளின் சீட்டில் பாதிக்கு மேல் மாமியாரோ குழந்தையோ சமையலோ இருக்கும். பையன்களுக்குப் போலீஸ், கலெக்டர், கிரிக்கெட். ஒரே மேடை, ஒரே மைக்.

அதே தந்தை: வேடிக்கைக்குச் சொல்வதை இவ்வளவு அலச வேண்டுமா?

வேடிக்கை என்பதால்தான் அலசுகிறேன். அந்தப் பெண்ணின் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருக்கலாம். காலேஜுக்கு அனுப்புங்கள் என்று அவள் அழுதுகொண்டிருக்கலாம். என்னிடம் அப்படி வந்து நின்ற பிள்ளைகள் உண்டு. தோழர்களும் சிரித்துக்கொண்டே அதையே சொன்னால் அவளுக்கு எந்தப் பக்கம் ஆதரவு?

பி.எஸ்சி. மாணவி, புதுக்கோட்டை: மதுரை அங்கிளுக்கு நான் பதில் சொல்லலாமா? எனக்கு அப்படித்தான் எழுதினாங்க. எங்க அப்பா விழாவுக்கு வந்திருந்தார். "பாரு, உன் பிரெண்ட்ஸே சொல்றாங்க"ன்னு ஒரு மாசம் சொன்னார்.

நீ காலேஜில் இருக்கிறாய், அது போதும் கண்ணு. இதைப் படிக்கிற பிளஸ் ஒன் பிள்ளைகள் இவள் எழுதியதை இரண்டு தடவை படியுங்கள்.

மதுரை ஐயாவுக்கு இன்னும் ஒன்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களின் திருமணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்த திட்டம் நம் மாநிலத்தில் பல வருஷம் இருந்தது. அதையே 2022-இல் உயர்கல்வித் திட்டமாக மாற்றினார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண், மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. புதுமைப் பெண் என்று சொல்கிறோமே, அதுதான். அரசாங்கமே தாலியிலிருந்து காலேஜுக்கு மாறிவிட்டது, நம் மேடையும் மாறட்டும்.

அதே தந்தை: என் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ. அவளுக்கு எழுதினால் என்ன எழுதுவீர்கள்?

நான் அவளைப் பார்த்ததில்லை. நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அவள் எதில் பிடிவாதம் பிடிப்பாள், எதைக் கண்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று யோசித்து, நீங்களே இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். வீட்டிலிருந்து ஒரு சீட்டு வந்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிளஸ் ஒன் மாணவர், சேலம்: நீட் படிக்கிறவங்களுக்கு ஒரு லைன் கொடுங்க ப்ளீஸ்.

மூன்றாவது தடவை. தர்மபுரி பதில்.

பிளஸ் ஒன் மாணவர், ஓசூர்: காமர்ஸ் குரூப் 36 பேர் லிஸ்ட் அனுப்பறேன், எல்லாருக்கும் எழுதிக் கொடுங்க.

முடியாது. பேரை மட்டும் வைத்து எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். தேனித் தம்பிக்குச் சொன்னபடி ஒரு வாரம் பார்.

உயர்தர வகுப்பு மாணவி, யாழ்ப்பாணம்: டீச்சர், நாங்கள் மேடையில் வாசிக்கிறதில்லை, ஆட்டோகிராப்பில்தான் எழுதுறது. அதுக்கும் இந்த விதி எல்லாம் இருக்கா?

இன்னும் கூடுதலாக உண்டம்மா. மேடையில் சொன்னது காற்றோடு போகும். ஆட்டோகிராப்பை இருபது வருஷம் கழித்து அவள் பிள்ளைகள் எடுத்துப் படிப்பார்கள். நீளமாக எழுத இடம் இருக்கிறது, இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு நாளைச் சொல்லித் தொடங்கு.

பிளஸ் ஒன் மாணவி, கோவில்பட்டி: ஒரு அக்கா இருக்காங்க டீச்சர். யார்கிட்டயும் பேசமாட்டாங்க. அவங்களைப் பத்தி யாருக்குமே எதுவும் தெரியலை. "அமைதியின் சிகரம்"னு எழுதிடலாமா?

வருஷா வருஷம் யாராவது ஒருவருக்கு "அமைதியின் சிகரம்" வந்துவிடும். பார்க்கவில்லை என்பதற்கு அது இன்னொரு பெயர். மற்ற எல்லாச் சீட்டையும் விட இந்த ஒன்றுக்கு அதிக நேரம் கொடு.

எங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு பெண். இரண்டு பிள்ளைகளை மூன்று நாள் கவனிக்கச் சொன்னேன். சாயங்காலம் மணி அடித்ததும் எல்லோரும் கேட்டுக்கு ஓடும்போது, இவள் மட்டும் சுற்றுச்சுவர் பக்கம் போய், பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை ஒரு வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டு, காலி பாட்டிலை இரண்டு தட்டுத் தட்டிப் பையில் போட்டுக்கொண்டு போகிறாள் என்று வந்து சொன்னார்கள். அந்தக் கன்று அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. சீட்டு இப்படி வந்தது: "பத்து வருஷம் கழித்து இந்தப் பள்ளிக்கு வருகிறவர்கள் எல்லாம் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்துவார்கள். நிழலுக்கு வாடகை வசூலிக்க அக்கா ரசீதுப் புத்தகத்தோடு வருவார். தலைமை ஆசிரியருக்கும் சலுகை கிடையாது." வாசித்ததும் அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் "எந்த மரம், எந்த மரம்" என்று அவளிடம் கேட்க ஆரம்பித்தார்கள்.

உன் அக்காவை நாளைக்கே கவனிக்கத் தொடங்கு. பிராக்டிகல் ஆரம்பித்துவிட்டால் பேட்ச் பேட்சாகத்தான் வருவார்கள், ஆளைப் பிடிக்க முடியாது.