மலையடியில் நின்ற குழாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அறிவியல் முறையின் தந்தை பிரான்சிஸ் பேக்கன் என்றுதான் படித்திருக்கிறேன். அவருக்கு 600 ஆண்டு முன்பே இப்னு அல் ஹைதம் அதைச் செய்துவிட்டார் என்று அண்மையில் ஓர் உரையில் கேட்டேன். எது சரி?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் கேட்டது வெற்றுப் புகழ்ச்சி இல்லை. பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம், பல விளக்குகளை வரிசையாக வைத்து, அவற்றின் ஒளியைச் சிறு துளை வழியே இருட்டில் விழச் செய்தார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேரான ஒளிப்புள்ளி மட்டும் மறைந்தது. துளையில் ஒளிகள் கலப்பதில்லை என்று அதிலிருந்து கண்டார். பேக்கன் 1620இல் எழுதிய 'நோவும் ஆர்கனும்' பெரிய நூல்தான். ஆனால் ஒரு சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சில் நடந்ததைத்தான் சொல்வேன்.

கிண்ணத்தில் கவிழ்த்த கண்ணாடிக் குழாயில் பாதரசம் முழுதும் இறங்காமல் நிற்பதை இத்தாலிய அறிவியலாளர் டோரிசெல்லி காட்டியிருந்தார். தாங்கி நிற்பது எது? காற்றின் எடை என்றால் மலையுச்சியில் பாதரசம் இறங்கியாக வேண்டும். பழைய நம்பிக்கைப்படி வெற்றிடத்தை இயற்கை வெறுப்பதே காரணம் என்றால், அடிவாரத்தில் அதிகமாகவும் உச்சியில் குறைவாகவும் வெறுக்குமா என்று கேட்டார் பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கல். கிளேர்மோன் நகரில் இருந்த அக்காள் கணவர் பெரியேவுக்குக் கடிதம் எழுதி, அருகிலுள்ள புய் த டோம் மலையில் ஏறி அளக்கச் சொன்னார். (இந்த யோசனையே தன்னுடையது என்று தத்துவவாதி டேகார்ட் பின்னர் உரிமை கோரினார். தந்தை யார் என்ற கேள்வி அப்போதே இருந்திருக்கிறது.)

பெரியே ஒரு குழாயை மட்டும் கொண்டுபோகவில்லை. மடாலயத் தோட்டத்தில் இரண்டு குழாய்களில் அளந்தார். இரண்டிலும் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர். ஒன்றை அங்கேயே நிறுத்தி, நாள் முழுதும் கவனிக்க ஒரு துறவியை அமர்த்திவிட்டு மலையேறினார். உச்சியில் பாதரசம் 63 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நின்றது. தேவாலயத்துக்குள்ளும் வெட்டவெளியிலுமாக ஐந்து முறை அளந்தும் மாறவில்லை. இறங்கும் வழியில் இடைப்பட்ட உயரம். கீழே துறவியிடம் கேட்டால், அவர் குழாயில் காலையிலிருந்து அசைவே இல்லை.

அந்தத் துறவி காத்த குழாயைத்தான் நான் இந்தக் கதையின் உயிராக நினைக்கிறேன். அது இல்லையென்றால், அன்றைக்கு வானிலை மாறிவிட்டது என்று யாரும் ஒரே வரியில் தள்ளியிருக்கலாம். தன் முடிவை எதிராளி எப்படி மறுப்பான் என்று முன்கூட்டியே யோசித்து, அதற்கான விடையையும் சோதனைக்குள்ளேயே வைத்தார்கள். இந்தப் பழக்கம் எங்கே, எப்படி வேர்விட்டது என்று தேடுங்கள். பேக்கனா ஹைதமா என்ற கேள்வியைவிட அது உங்களை வெகுதூரம் கொண்டுபோகும்.

பெரியேவின் கடிதத்தைப் பாஸ்கல் அதே ஆண்டு அச்சிட்டார். பாரிஸில் ஒரு கோபுரத்தில் ஏறித் தானும் அளந்து பார்த்தார்.